நீ உனக்குப் போட்டுக்கொண்ட பத்து

தம்பி,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீ ஹாஸ்டலைக் காலி செய்து அனுப்பிய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி, எதிர்வீட்டு ராசாத்தி அத்தையின் ரவிக்கைக் கைக்குப் பேப்பர் கட்டிங் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தையின் கைச் சுற்றளவு உனக்கே தெரியும்; செய்தித்தாளில் வெட்டினால் பாதியிலேயே கிழிந்துவிடுகிறது. உன் தாள் நல்ல கனம், நல்ல அகலம், ஆண்டவனே அத்தைக்கென்று அனுப்பிவைத்தது போல இருந்தது. கத்தரியை ஓட்டி, அக்குள் வளைவு எடுத்து, துணிமேல் வைத்துச் சாக்பீசால் கோடு இழுத்த பிறகுதான் அதில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். இங்கிலீஷ் எனக்குச் சுவரில் இருக்கிற பல்லி மாதிரி, பார்ப்பேன், கிட்டே போக மாட்டேன். ஆனால் எண்கள் என் தொழில். அந்தத் தாளில் இரண்டு வரிசையாக எண்கள் இருந்தன. ஒரு வரிசையில் பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. பக்கத்து வரிசையில் ஆறு, ஐந்து, ஆறு, ஏழு. கீழே சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி. முதல் வரிசையை எழுதியது உன் கை; சைபருக்கு நீ வைக்கும் வாலை எனக்குத் தெரியாதா? உடனே உனக்குப் போன் போட்டேன். நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய் என்பதெல்லாம் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

"இது என்னடா ரெண்டு வரிசை மார்க்கு?" என்று கேட்டேன்.

"அதாம்மா, மொதல்ல பிரஷர் பாக்குறது, அப்பறம் ஊசி போடுறது எல்லாம் செஞ்சு காட்டணும். செஞ்சு முடிச்சதும் எங்களுக்கு நாங்களே மொதல்ல மார்க் போட்டுக்கணும். அப்பறம் மிஸ் போடுவாங்க."

"அப்ப பிரஷருக்குப் பத்துக்குப் பத்து நீயா போட்டுக்கிட்டதா?"

"பின்ன? எனக்கு நானே கொறச்சாப் போட்டுக்குவேன்?"

"மிஸ் ஆறு போட்ருக்காங்களேடா."

"அவங்க யாருக்குமே ஏழுக்கு மேல போட மாட்டாங்கம்மா. விடு. ஒங்க யாருக்காச்சும் என்னைக்காவது வலிச்சிருக்கா? தெருவே சொல்லுதுல்ல, பஞ்சு மாதிரி கைன்னு." அப்புறம் நீயே சிரித்துக்கொண்டு, "எங்க கிளாஸ்ல மீனாட்சின்னு ஒரு லூசு, அதுக்கு அதுவே நாலு போட்டுக்கிச்சு. மிஸ் எட்டு போட்டாங்க," என்றாய்.

"இப்பத்தானடா ஏழுக்கு மேல போட மாட்டாங்கன்ன?"

உடனே பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். பஸ் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பின்னாலே நீ தங்கியிருக்கிற கூட்டாளி ரூமில் காற்றாடி கிறீச் கிறீச்சென்று சுற்றும் சத்தம்தான் கேட்டது.

தெருவே சொல்லுது என்றாயே, அந்தத் தெருவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேலிக்காரி, நான் வாயைத் திறந்தால் நீ சிரிக்கத் தயாராகிவிடுவாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். சிரித்து முடித்ததும் சொல்ல வந்தது போய்விடும். நர்சிங் இரண்டாவது வருஷத்தில் நீ அந்தப் பிரஷர் கருவியையும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தாய். லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நம் வாசலில் நாற்காலி போட்டு, தெரு முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. உன் அப்பா லாரி ஓட்டிக் காப்புக் காய்த்த விரலை நீட்டினார். அந்தத் தோலில் ஊசி இறங்கவில்லை என்று நீ மூன்று தடவை குத்தினாய். "வலிக்குதாப்பா?" என்று கேட்டாய். "எறும்பு கூட கடிக்கல," என்றார். நீ உள்ளே போனதும் அந்த மனுசன் கொல்லைப்பக்கம் போய் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ராசாத்தி அத்தை, "எங்க பிரபு கை பட்டதே தெரியலத்தா, பூ மாதிரி," என்று ஊரெல்லாம் சொன்னாள். அவளுக்கு இரண்டு நாள் விரல் கன்றிப்போய்ப் பூண்டு உரிக்க என்னைக் கூப்பிட்டாள். பூண்டை உரித்துக்கொண்டே, "பாவம், புள்ள ஆசையாக் கத்துக்கிறான், நம்ம எதுக்கு மதினி அவன் மனசை ஒடைக்கணும்?" என்றாள். நானும் ஆமாம் என்றேன். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டது மாதிரி உனக்குப் பொய் சொன்னோம் தம்பி. நீ போட்டுக்கொண்ட பத்தில் பாதி எங்கள் மார்க்.

இதோடு போயிருந்தால் நான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். நான் ராசாத்தி அத்தைக்குத் துணையாகப் போனேன். சும்மா இருந்த கையை நீட்டினேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா இரண்டு தடவை அளந்துவிட்டு, நூற்று எழுபது என்றார். மாத்திரை கொடுத்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, தலை கூட வலிக்கவில்லையே என்று வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் நீ வந்தாய். முகாம் கதையை உன்னிடம் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்று கையை மட்டும் நீட்டினேன். பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை நீ அமுக்கத் தொடங்கியதும் எனக்கு வழக்கமான குறும்பு வந்துவிட்டது. "ஐயய்யோ, கை போச்சு, கை போச்சு, நாளைக்கு யாருடா மிஷின் ஓட்டுவா?" என்று கத்தினேன். நீ பதறிப்போய் அமுக்குவதை நிறுத்தினாய். காற்றை இறக்கினாய். நூற்று இருபத்தெட்டு என்றாய். "ஒனக்கு என்னம்மா, கொமரி மாதிரி இருக்க," என்றாய். "கை வலிக்குதா?" என்று கேட்டாய். "சும்மா சொன்னேன்டா, ஒண்ணுமே தெரியல," என்றேன். எழுந்து போய் அந்த மாத்திரை அட்டையைத் தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் போட்டேன்.

அடுத்த மாதம் நர்சம்மா தெருவில் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, மாத்திரை வாங்க ஏன் வரல?"

"எனக்குப் பிரஷரே இல்லீங்க. எம் மவன் பாத்துட்டான். நர்சிங் நாலாவது வருசம்."

"நானும் இருவது வருசமா பாக்குறேன்ம்மா."

"இருக்கட்டுங்க. ஒங்களுக்கு அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, கை அசந்திருக்கும்."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

தீபாவளித் தையல் உனக்குத் தெரியும், சோறு தின்னக்கூட நேரம் இருக்காது. ஒரு காலை, பதினோரு மணி இருக்கும், ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். துணி தானாக நகர்ந்தது, இடது கை அதைப் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் கை என் மடியில் கிடந்தது. நான் எடுத்து வைக்காத கை. அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன், உன் அப்பா என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். லாரி ரிப்பேர் என்று அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தது நான் செய்த புண்ணியம். கீரனூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார். இருநூற்றுப் பத்து என்றார்கள். "மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா, யாராவது குடுத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார். உன் அப்பா, "எங்க பையன் பாத்துட்டு..." என்று தொடங்கினார். நான் நல்லாயிருந்த வலது கையால் அவர் தொடையில் கிள்ளினேன். "மறந்துட்டேன் சார்," என்றேன். கை இரண்டு நாளில் திரும்பிவிட்டது, கடைசி இரண்டு விரல் மட்டும் இன்னும் வரவில்லை. நீ ஒரு நாள், "ஏம்மா கொக்கி வைக்கிறதெல்லாம் வெளிய குடுக்குற?" என்று கேட்டாயே, கண் தெரியவில்லை என்றேனே, அது பொய். துணியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று அந்த இரண்டு விரலும் எனக்குச் சொல்வதில்லை.

உனக்குப் பரீட்சை நேரம் என்று சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பொங்கலுக்கு வந்தாய், மறுபடியும் பட்டையைச் சுற்றினாய். நான் மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை தின்றுகொண்டிருந்தேன். நூற்று முப்பது என்றாய். "பாத்தியாம்மா, எப்பவுமே நார்மல்தான் நீ," என்று உன் நோட்டில் எழுதிக்கொண்டாய். மாத்திரைக்குச் சேர வேண்டிய மார்க்கையும் நீயே எடுத்துக்கொண்டாய், நான் பார்த்துக்கொண்டு கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

நீ பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்த மறுநாள், ராசாத்தி அத்தையின் பெண் காவியா ரவிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டு வந்தாள். அந்தக் கைத் தாளைக் கொடுத்து, சிவப்பு மையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வெட்டுப்பட்ட இடத்தை விட்டுவிட்டுக் கூட்டிக்கூட்டிப் படித்தாள். பட்டையில் காற்றை வேண்டிய அளவுக்கு ஏற்றுவதில்லை, மாணவனிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று என்று எழுதியிருந்தது. காவியாவுக்கு அது வெறும் வரி. நான் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். மாத்திரை வாங்கப் போனபோது, யாருடைய தாள் என்று சொல்லாமல் நர்சம்மாவிடம் கேட்டேன், காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று. "ரத்தம் ஓடுற சத்தம் சுத்தமா நிக்கிற வரைக்கும் ஏத்தணும்மா. அப்பறம் எறக்கிக்கிட்டே வரும்போது எங்க சத்தம் ஆரம்பிக்குதோ அதுதான் கணக்கு. பாதியில நிறுத்திட்டா, நிறுத்துன எடத்துலயே சத்தம் கேக்கும். அதையே கணக்குன்னு நெனச்சுக்குவாங்க," என்றார். அப்போது தெரிந்தது. நான் கை போச்சு என்று கத்தினேன், நீ நிறுத்தினாய். நூற்று இருபத்தெட்டு என்பது என் பிரஷர் இல்லை தம்பி. என் கத்தலுக்கு நீ இரங்கிய இடம் அது. உன் மிஸ் இரண்டு முறை சொன்னதும் அதைத்தான். அந்தத் தாளை நீ மடித்து அட்டைப்பெட்டிக்குள் அடியில் வைத்தாய். நான் மாத்திரையைப் பாபின்களுக்கு அடியில் வைத்தேன். பிள்ளை யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

நான் உன்னைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. இதே வியாதி எனக்கும் இருந்தது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணுக்கும் அவள் அக்கா தங்கைகளுக்கும் ரவிக்கை தைத்தது நான். கொடுக்கும்போது ஒவ்வொருத்தியிடமும், "நல்லாருக்கா?" என்று கேட்டேன். "சூப்பருக்கா," என்றார்கள். அந்த மகிழ்ச்சியில் மண்டபத்துக்குப் போனேன். மணப்பெண்ணின் தங்கை என் முன்னால் குனிந்து பந்தியில் இலை போட்டாள். முதுகில் முந்தானைக்குக் கீழே ஊக்கு, ஊக்கு, ஊக்கு, ஆறு ஊக்கு. இன்னொருத்தி வேறு ரவிக்கையே போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்கக்கா, சாப்புட்டீங்களா?" என்றாள். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். பத்து வருஷமாக என்னை நானே நல்ல தையல்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லாருக்கா என்று கேட்டால் இந்த ஊரில் யார் நல்லாயில்லை என்று சொல்வார்? அன்றையிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "போட்டுக்கிட்டுக் கையத் தூக்கு. எங்க இழுக்குது?" என்று கேட்கிறேன். எங்கேயும் இழுக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன், இன்னொரு தடவை தூக்கச் சொல்லுவேன். நீயும் இனிமேல் யாரிடமும் வலிக்குதா என்று கேட்காதே. எங்கே வலிக்குது என்று கேள்.

ஆனால் நீ வேலையில் சேரப்போகும் திங்கட்கிழமையை நினைத்தால் அந்தக் கேள்வியும் கை கொடுக்காது போலிருக்கிறது. சென்னையில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, அதில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றாய். அங்கே படுத்திருப்பவர்கள் வாயில் குழாய் இருக்கும் என்று நீயே சொன்னாய். அவர்கள் கை போச்சு என்று கத்த மாட்டார்கள், பஞ்சு மாதிரி கை என்றும் சொல்ல மாட்டார்கள். நீ பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் அங்கே இருக்காது. அப்போது நீ செய்தது சரியா தப்பா என்று உனக்கு யார் சொல்லுவார்? உனக்குள்ளே இருக்கிற அந்தப் பத்து சொல்லும். அந்தப் பத்தை நினைத்தால்தான் நான் மிஷினை நிறுத்திவிடுகிறேன். அங்கே ஒரு கட்டிலில் என்னைப் போல ஒருத்தி படுத்திருப்பாள். அவளுக்கும் ஒரு மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

உன் அப்பா வேண்டாம் என்கிறார். "போற நேரத்துல எதுக்குடி இதெல்லாம்? பயலுக்குக் கை நடுங்கிருச்சுன்னா? அப்பறம் அங்கிட்டுப் போயி என்ன வேலை பாப்பான்?" என்கிறார். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது. மீனாட்சியைப் பற்றி இன்னொரு நாள் நீ சொன்னாயே, எட்டு வாங்கினாலும் நோயாளிப் பக்கத்தில் போகாமல் சுவரோரம் நிற்பாள் என்று. அவளுக்கு உள்ளே ஒரு நாலு இருக்கிறது, உனக்கு உள்ளே ஒரு பத்து இருக்கிறது, இரண்டு பேரும் மிஸ் எழுதியதைப் படிக்கவில்லை. அவளை மாதிரி நீ சுவரோரம் நிற்பதற்காக இதை எழுதவில்லை. உன் கை நல்ல கைதான். நான் சொல்வதை நம்பாதே, ஆறு போட்ட மிஸ்ஸிடம் கேள். எதற்கு நாலு மார்க்கைப் பிடித்தீர்கள் என்று சண்டைக்கு இல்லாமல் கேள். போகிற இடத்திலும் உனக்கு மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள். ஒன்றைச் செய்து முடித்ததும் நீ ஒரு மார்க்கை மனசில் போட்டுக்கொள், அவரை ஒன்று போடச் சொல். இரண்டும் ஒத்துவர எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும்.

சனிக்கிழமை நீ பெட்டி எடுக்க வருவாய். இந்தக் கடிதத்தை உன் சட்டைகளுக்கு மேலே வைத்திருப்பேன். படித்துவிட்டு என் விரலைப் பார்த்து அழாதே, அழுதால் நான் கேலி செய்வேன், என்னால் அடக்க முடியாது. கருவியை எடுத்துக்கொண்டு வா, இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போவோம். நர்சம்மா பக்கத்தில் நிற்கட்டும், நீ அள. நான் என்ன கத்தினாலும் சத்தம் நிற்கிற வரைக்கும் ஏற்று. அளந்ததும் உனக்கு ஒரு மார்க் போடு, அப்புறம் அவர் அளந்து அவர் ஒன்று போடட்டும். அவரிடம் உன்னை முன்னால் நிறுத்தி, உங்கள் கை அசந்திருக்கும் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. நீ என்னை மன்னிப்பாயா என்பது தெரியாது. உனக்குக் கோபம் வந்தால் திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருக்காதே, இங்கேயே காட்டிவிட்டுப் போ.

இதில் இப்போதைய அளவை எழுதாமல் முடித்தால் மறுபடியும் ஒளித்தது போலாகும் என்று நேற்றுக் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா, ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்தேன். நாற்காலியின் முதுகு தனியாகக் கழன்று என்னோடு தரைக்கு வந்தது. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அடி ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டூலுக்கு முதுகு கிடையாது என்பதால், கழன்ற முதுகைச் சுவரில் சாத்தி, ஸ்டூலை அதற்கு முன்னால் நகர்த்தி, அதில் சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். சாய்ந்துகொண்டேன். இன்னொரு ஐந்து நிமிஷம் போகட்டும் என்றார் நர்சம்மா. போனது. நூற்று நாற்பத்தாறு.

இப்படிக்கு,
அம்மா